ஒபிஸ் வைபை பிடிக்காத லப்டொப்பும் ஸ்டான்லி வீதிக் கடையும்

யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்த எங்கே கொடுக்கலாம் என்று இந்த வருடம் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அதனால் முழுவதையும் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். கடை ஸ்டான்லி வீதியில், ஒரு மாடியில் உள்ள சின்ன அறை. பெயரைப் போடட்டுமா என்று கேட்டபோது, "பேர் வேண்டாம் அக்கா, வந்து குவிஞ்சு கிடக்கிற சாமானையே செய்து முடிக்கேலாமல் இருக்கு" என்றார் கடையை நடத்துகிற தம்பி. அவர் சொன்னபடியே விட்டுவிடுகிறேன். கடையைத் தெரிய வேண்டியவர்கள் என்னைக் கேட்டால் வழி சொல்கிறேன், ஆனால் கடையைவிட அங்கே அவர் பார்த்த முறைதான் எல்லோருக்கும் தெரியவேண்டியது, அதனால் அதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன்.

நான் வேலை செய்கிற ஒபிஸ் நல்லூருக்குக் கிட்ட ஒரு பழைய நாற்சார் வீட்டில் இயங்குகிறது. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர்கள். முன்பு நடு அறையில் ஒரே ஒரு ரவுட்டர் இருந்தது, பின் அறைக்குப் போனால் சிக்னல் ஒரு கோடு, மழை நாளில் அதுவும் இல்லை என்று எல்லோரும் முறைப்பாடு சொல்லி, கடைசியில் கடந்த வருடம் அறைக்கு ஒன்றாக முகட்டில் புது வைபைப் பெட்டிகளைப் பூட்டினார்கள். இரண்டு பெயர்கள் வைத்தார்கள். ஒன்று ஊழியர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயரும் பாஸ்வேர்டும். மற்றது வருகிற விருந்தினருக்கு, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். மற்றவர்கள் எல்லோரும் முதல் நாளே ஏறிவிட்டார்கள். என் லப்டொப்பில் விருந்தினர் பெயர் வந்தது, பக்கத்து டியூட்டரியின் பெயர் வந்தது, முன் வீட்டுக்காரரின் பெயரும் வந்தது. ஊழியர் பெயர் மட்டும் வரவேயில்லை. பாஸ்வேர்ட் பிழை என்றோ தொடர்பு இல்லை என்றோ ஒரு வார்த்தைகூடக் காட்டவில்லை. லிஸ்ட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை.

அந்த லப்டொப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் என் பெரியம்மாவின் மகள் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தது. விலை குறைந்த வகைதான், ஆனால் கணக்கு வேலைக்கு இன்றுவரை குறை வைத்ததில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து ஒரு சில மாதத்தில் 350ஐத் தாண்டிப் போனபோது புது லப்டொப் என்ற பேச்சையே எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். அந்த வருடம் நாள்முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும் இதே லப்டொப்பில்தான், கரண்ட் வருகிற நேரம் பார்த்து, இரவிரவாக இருந்து வருடாந்தக் கணக்கை முடித்தேன். அதனால் "பழசு, தூக்கிப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஏற்காது.

ஆனால் அதைத்தான் சொன்னார்கள். ஒபிஸ் நெற்வேர்க்கைப் பார்க்கிறவர் கொழும்பில் இருக்கிறார், போனில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "உங்கட மெசின்தான் பழுது, மற்ற எல்லாருக்கும் வேலை செய்யுதுதானே" என்று வைத்துவிட்டார். நானும் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். நிறுத்திப் போட்டேன், விமான மோடை ஏற்றி இறக்கினேன், வைபை டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன், நெற்வேர்க் ரீசெட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விருந்தினர் வைபையில் இன்டர்நெட் வரும், ஆனால் அதிலிருந்து சேர்வருக்கும் போக முடியாது, பிரிண்டருக்கும் போக முடியாது. பைலைப் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போய் அவர்கள் எழும்பும் நேரம் பார்த்து நிற்பேன். இரண்டு கிழமை இப்படியே ஓடியது.

முதலில் பஸ் நிலையப் பக்கம் ஒரு பெரிய கடைக்குத்தான் கொண்டுபோனேன். கண்ணாடி அலுமாரி, குளிரூட்டி, எல்லாம் இருக்கிற கடை. முன்னால் இருந்தவர் லப்டொப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "விண்டோஸ் போமட் பண்ணவேணும்" என்று துண்டு எழுதி வாங்கிக்கொண்டார். 2500 ரூபாய். மறுநாள் எடுத்துவந்து ஒபிஸில் போட்டால் அதே கதை, ஊழியர் பெயர் இல்லை. அதைவிடப் பெரிய வேதனை வேறு. பாமினி எழுத்துரு எல்லாம் போய்விட்டது, பத்து வருடமாகத் தமிழில் அடித்து வைத்த கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரியாகும் என்று பிறகு தெரிந்தது, ஆனால் அந்த ஒரு பின்னேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்பப் போய்க் கேட்டதற்கு, உள்ளே இருக்கிற வைபை செத்துவிட்டது என்று சொல்லி, வெளியே குத்தி வைபை பிடிக்க, நகம் அளவில் ஒரு யூஎஸ்பி டொங்கிளை 1200 ரூபாய்க்குத் தந்தார்கள். அதைக் குத்தினால் வீட்டில் அருமையாக வேலை செய்தது, ஒபிஸில் மறுபடியும் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டான்லி வீதிக் கடை வருகிறது. நல்லூர் கொடியேறின கிழமை, கோயிலைச் சுற்றி வீதியெல்லாம் மறித்திருந்தார்கள், ஒபிஸிலிருந்து லப்டொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்புத் தாண்டும்வரை நடந்து, பிறகு ஒரு ஓட்டோ பிடித்துப் போனேன். மாடிப்படி ஏறினால் ஒரு வாங்கு, அதில் என்னைப்போல் நான்கு பேர். என் முறை வந்ததும் தம்பி லப்டொப்பைக் கையில் வாங்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"வீட்டில வைபை வேலை செய்யுதோ அக்கா?"

ஓம் என்றேன்.

"ஒபிஸில அந்தப் பேர் லிஸ்ட்டில தெரிஞ்சு, பிறகு ஏறாமல் நிக்குதோ, இல்லாட்டிப் பேரே தெரியேல்லையோ?"

பேரே தெரியவில்லை என்றேன். "அப்ப இதில பழுது ஒண்டும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்" என்று சொல்லிவிட்டு, லப்டொப்பைத் திறந்தார்.

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இதை எழுதலாம். அவர் எனக்கு விளங்கப்படுத்தியதை என் சொல்லில் சொல்கிறேன். வைபைப் பெயர் லிஸ்ட்டில் தெரியவே இல்லை என்றால், பெரும்பாலும் அந்த வைபை பேசுகிற அலைவரிசையை உங்கள் லப்டொப் கேட்கவே இல்லை. பெயர் தெரிகிறது, ஆனால் உள்ளே விடவில்லை என்றால், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை, சான்றிதழ் என்று ஆள் அடையாளம் பார்க்கிற இடத்தில் தடக்குகிறது. உள்ளே விட்டுவிட்டது, ஆனால் இன்டர்நெட் வரவில்லை என்றால், அது ஐபி முகவரியோ (நெற்வேர்க்கில் உங்கள் மெசினுக்குக் கிடைக்கிற இலக்கம்) டிஎன்எஸ்ஸோ (தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றுகிற ஏற்பாடு) ஒபிஸ் போட்ட வேறு பூட்டோ. மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றுக்கும் போமட் ஒரே மருந்தாக இருக்க முடியாது. எனக்கு இரண்டு கிழமையாக ஒருவரும் இதைப் பிரித்துக் கேட்கவில்லை.

கனடாவிலிருந்து வந்த லப்டொப் என்றதும் அவருக்கு முதலில் வேறொரு சந்தேகம் வந்தது. வைபை பொதுவாக 2.4 ஜிகாஹேர்ட்ஸ், 5 ஜிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும், ஒவ்வொன்றும் சனல் என்ற சின்னப் பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4 ஜிகாஹேர்ட்ஸ் வைபையில் எங்கள் பக்கத்து ரவுட்டர்கள் 1 முதல் 13 வரை சனல் பாவிக்கும், ஆனால் வட அமெரிக்காவுக்கு என்று செய்த லப்டொப் பல 11ஆம் சனலோடு நின்றுவிடும், ரவுட்டர் 12இலோ 13இலோ போய் இருந்தால் அதன் கண்ணுக்கே படாது. வெளிநாட்டு உறவினர் தந்த லப்டொப் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு, அதனால் இதை எல்லோரும் மனதில் வைத்திருங்கள். வீட்டு ரவுட்டர் என்றால் சனலை 1, 6, 11 இல் ஒன்றாக மாற்றினால் போதும், ஒரு சதம் சிலவில்லை.

எனக்கு அதுதானா என்று அவர் ஊகத்தில் விடவில்லை. என் போனில் வைபை அனலைசர் வகை அப் ஒன்றைப் போட்டுத் தந்து, மறுநாள் ஒபிஸில் என் மேசையில் வைத்து ஒரு படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். விருந்தினர் வைபை 6ஆம் சனலில், 2437 மெகாஹேர்ட்ஸ். ஊழியர் வைபை 44ஆம் சனலில், 5220 மெகாஹேர்ட்ஸ், அதாவது 5 ஜிகாஹேர்ட்ஸ் பக்கம். அதற்கு 2.4இல் ஒரு பெட்டிகூட இல்லை.

லப்டொப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்தானே. அதற்குக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ் (netsh wlan show drivers) என்று ஒரு கட்டளை அடித்தார். நீளமாக ஏதோ வந்தது. அதில் ரேடியோ வகைகள் என்ற ஒரே வரியை விரலால் காட்டினார். 802.11பி, 802.11ஜி, 802.11என். வைபை முறைகளின் பெயர்கள் இவை. அவ்வளவுதான். ஏ என்ற எழுத்தோ ஏசி என்ற எழுத்தோ அங்கே இல்லை என்றால் லப்டொப்பின் உள்ளே இருக்கிற வைபை அட்டைக்கு 5 ஜிகாஹேர்ட்ஸ் கிடையாது. 2009இல் வந்த 802.11என் இரண்டு பக்கத்திலும் ஓடக்கூடிய முறைதான், ஆனால் விலை குறைந்த லப்டொப்களில் 2.4 மட்டும் உள்ள அட்டையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். 5 ஜிகாஹேர்ட்ஸிலேயே ஓடுகிற 802.11ஏசி 2013இல் முடிவாகியும்கூட, அதற்குப் பிறகு பல வருடம் இப்படித்தான் வந்தன. என்னுடையது அதில் ஒன்று. எனக்குப் பெரிய கடையில் விற்ற டொங்கிளும் அதே இனம். பெட்டியில் 150 என்று போட்டிருந்ததைக் காட்டி, "இது 2.4 மட்டும்தான் அக்கா" என்றார். நோயே தெரியாமல் அதே நோயுள்ள இன்னொன்றை எனக்கு விற்றிருக்கிறார்கள். அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை.

இதை வீட்டிலேயே காசில்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் அன்ட்ரொய்ட் போனின் ஹொட்ஸ்பொட் செற்றிங்கில் அலைவரிசையை 5 ஜிகாஹேர்ட்ஸ் என்று மாற்றக் கூடியதாக இருந்தால் மாற்றிவிட்டு, லப்டொப்பில் அந்தப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். 2.4இல் தெரிந்து 5இல் காணாமல் போனால் விசயம் முடிந்தது. ஐபோன் 12உம் அதற்குப் பிந்தியதும் என்றால் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் "மெக்சிமைஸ் கொம்பற்றிபிலிற்றி" என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் 2.4, எடுத்தால் 5. இந்தச் சோதனையை அவர் என் முன்னாலேயே தன்னுடைய போனில் செய்து காட்டினார், மேசையில் அரை அடி தூரத்தில் போன் இருந்தும் என் லப்டொப் அதைக் காணவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி அட்டையை விற்பார் என்றுதான் நினைத்தேன். அவர் "முதல்ல ஒபிஸில ஒருக்காக் கேளுங்கோ, உங்கட அறைப் பெட்டியில மட்டும் அதே பேரை 2.4இலயும் விடேலுமோ எண்டு. விட்டால் உங்களுக்கு ஒரு சதமும் சிலவில்லை" என்றார். கேட்டேன். கொழும்பிலிருந்து இந்த முறை பொறுமையாகப் பதில் வந்தது. எங்களைச் சுற்றி டியூட்டரி, விருந்தினர் விடுதி, வீட்டுக்கு வீடு பைபர் ரவுட்டர். 2.4இல் ஒன்றோடொன்று இடிபடாத சனல் மூன்றுதான், அந்த நெரிசலில் கொழும்போடு வீடியோக் கூட்டம் நடுவில் அறுந்து அறுந்து போகிறது என்றுதான் ஊழியர்களை முழுதாக 5க்கு மாற்றியதாம். அது நியாயம்தான். தடித்த சுவரை 5 ஜிகாஹேர்ட்ஸ் அவ்வளவாக ஊடுருவாது என்பதால்தான் அறைக்கு ஒரு பெட்டி. அவர்கள் செய்தது பிழையில்லை, என் மெசினைப் பழுது என்று சொன்னதுதான் பிழை.

அதனால் அட்டை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். லப்டொப்பின் அடிப்பக்கத்தை என் முன்னால்தான் கழற்றினார். உள்ளே வைபை அட்டை ஒரு தபால் முத்திரை அளவு, எம்.2 என்ற வகைச் செருகி, ஒரு ஆணி. இது சாதாரணமாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் மூன்று இருப்பதாகச் சொன்னார். ஒன்று, சில பழைய லப்டொப்களின் பயோஸில் (விண்டோஸுக்கு முன் மெசினை எழுப்புகிற மென்பொருள்) இந்த இந்த அட்டைதான் என்று ஒரு பட்டியல் இருக்கும், வேறு அட்டை போட்டால் திரையில் எச்சரிக்கை வந்து விண்டோஸுக்கே போகாது. இரண்டு, புது இன்டெல் அட்டைகளில் ஏஎக்ஸ்201 போன்றவை அதற்கென்று செய்த இன்டெல் மதர்போட்டில் மட்டும்தான் ஓடும், செருகி ஒரே மாதிரி இருந்தாலும் எங்கள் பழைய லப்டொப்பில் செத்த மாதிரிக் கிடக்கும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்றால் அந்தக் கரைச்சல் இல்லை. கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் இணையத்தில் வாங்கிவிட்டு அவரிடம் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேராம். மூன்றாவது அன்டெனா.

மூன்றாவதில்தான் நான் மாட்டினேன். என் பழைய அட்டைக்கு ஒரு அன்டெனா வயர் போதும் என்பதால், செய்தவர்கள் ஒரே வயரோடு விட்டிருக்கிறார்கள். புது அட்டைக்கு இரண்டு வேண்டும். ஒன்றோடும் ஓடும், ஆனால் பாதி வேகம், நாற்சார் வீட்டுச் சுவருக்கு அது காணாது. வேறு யாராவது என்றால் அப்படியே பூட்டித் தந்திருப்பார்கள், எனக்கும் தெரிந்திருக்காது. அவர் உடைந்த வேறொரு லப்டொப்பிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, திரைக் கீல் வழியாக மேலே கொண்டுபோய், திரையின் மூலையில் ஒட்டினார். அந்த வேலைக்கு மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது, வயர் கீலில் நசியாமல் இருக்கத் திரையை இருபது தடவையாவது திறந்து மூடிப் பார்த்திருப்பார்.

எந்த அட்டை என்பதையும் என்னிடமே விட்டார். புது ஏஎக்ஸ்210 ஒன்று இருந்தது, பாவித்த இன்டெல் 8265 ஒன்றும் இருந்தது. 8265 வைபை 5 வகை (802.11ஏசியின் இன்னொரு பெயர்), இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், எழுத்தில் 867 மெகாபிட். விலை மூன்றில் ஒன்று. "இந்த மெசினுக்கு விண்டோஸ் 11 முறையாப் போடேலாது அக்கா, இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு ஒக்டோபர் 14ஓட மைக்ரோசொப்ட் வழமையான அப்டேட்டை நிப்பாட்டுது. இதுக்குள்ள கனக்கக் காசு போடாதேங்கோ" என்றார். 2025இல் இதைச் சொன்னார், சொன்னபடிதான் நடந்தது. விலை கூடினதை எனக்குத் தள்ளிவிட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது, நான் எதையும் கேட்டிருக்க மாட்டேன்.

பாவித்த அட்டை 2800, வேலைக்கு 1500, வயருக்குக் காசு வாங்கவில்லை. பழைய அட்டையை ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். கடை வைபையின் 5 ஜிகாஹேர்ட்ஸில் ஏற்றிக் காட்டினார். சந்தோசமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடிய ஒபிஸில் திறந்தால் ஊழியர் பெயர் முதன்முதலாகத் தெரிந்தது, முழுக் கோடு. பெயரும் பாஸ்வேர்டும் அடித்தேன், இணைக்க முடியவில்லை என்று வந்தது. மூன்று தடவை அடித்தேன், அதேதான். எனக்கு அழுகை வராத குறை. தம்பிக்கு போன் எடுத்தேன், முழுத் திரையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பி ஒரு நிமிடம் இருக்காது, திரும்ப எடுத்தார். "அக்கா, உங்கட திரையில கீழ வலப்பக்கம் திகதி என்ன எண்டு பாருங்கோ." பார்த்தேன். எட்டு வருடம் பிந்தி, 2017 தை மாதம் என்று நின்றது.

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒபிஸ் வைபை ஆளுக்கு ஆள் பாஸ்வேர்ட் கேட்கிற வகை, அதில் நீங்கள் உங்கள் பாஸ்வேர்டைச் சொல்ல முன், மறுபக்கத்துச் சேர்வர் தான் யார் என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. என் லப்டொப்பின் கணக்கில் அது 2017, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை, அதனால் நம்ப மறுத்துவிட்டது. மதர்போட்டில் நேரம் காக்கிற சின்னப் பற்றரி எப்போதோ முடிந்திருக்கிறது, பெரிய பற்றரியும் வயர் இழுத்தால் ஐந்து நிமிடம் தாங்காது, இரவு கழற்றி வைத்ததில் நேரம் போய்விட்டது. இதுவரை வீட்டு வைபையில் ஏறியதும் இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது, வீட்டு வைபைக்குச் சான்றிதழ் கிடையாது என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. ஒபிஸில் நேரம் சரியில்லாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் நேரம் சரிவராது. கையால் திகதியைச் சரியாக்கிவிட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னார். ஏறியது!

பின்னேரம் போய் அந்தப் பற்றரியையும் மாற்றினேன், கைக்கணிப்பானில் போடுகிற மாதிரி வட்டமான சிஆர்2032. பற்றரிக் காசு மட்டும்தான் எடுத்தார். பூட்டும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும், தன்னுடைய கவனக்குறைவு என்று அவராகவே சொன்னார். இன்னொரு சின்ன விசயமும் இருந்தது. அட்டை மாறினால் அதன் மெக் முகவரியும் (அட்டைக்கு அட்டை வேறான அடையாள இலக்கம்) மாறும், எங்கள் பிரிண்டர் பக்கம் பழைய முகவரியைப் பதிந்து வைத்திருந்ததால் கொழும்புக்குப் புது முகவரியைக் கொடுக்க வேண்டிவந்தது. அது ஐந்து நிமிட வேலை.

குறைகளும் எழுதத்தான் வேண்டும். இரண்டு நாளில் தருகிறேன் என்று சொன்ன வேலை நான்கு நாள் எடுத்தது, அதில் இரண்டு நாள் நான்தான் போன் எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அச்சடித்த பில் கிடையாது, கொப்பித் தாளில் கையெழுத்து. ஒபிஸில் காசை மீளப் பெற வேண்டியவர்கள் முதலே சொல்லி ஒரு முத்திரை குத்திய துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாவித்த அட்டைக்கு மூன்று மாத உத்தரவாதம் என்றார், ஆனால் அதுவும் வாய்ச் சொல்தான். வாங்கில் இருக்கிற நேரம் காற்றாடி ஒன்றுதான், மத்தியான வெயிலில் அந்த மாடியில் இருக்க முடியாது. வயதானவர்களுக்கு அந்தப் படியும் கஷ்டம், என் அம்மாவை நான் கூட்டிப்போக மாட்டேன்.

லப்டொப்பைக் கழற்ற விருப்பமில்லாதவர்களுக்கு நல்ல டொங்கிளே போதும், அவரும் அதையே சொல்வார். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 150, 300 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 தான். ஏசி600, ஏசி1300 என்று இருந்து, 5 ஜிகாஹேர்ட்ஸ் என்றும் தெளிவாகப் போட்டிருந்தால் எடுக்கலாம். முன்னால் இருக்கிறவர் "எல்லாம் ஒண்டுதான்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். டிரைவர் போட இன்டர்நெட் தேவை, அந்த இன்டர்நெட்டுக்குத்தான் டொங்கிளே என்று நிற்க வேண்டாம், போனை வயரால் குத்தி யூஎஸ்பி டெதரிங் போட்டால் ஒரு தடவைக்குக் காணும்.

இப்போது ஆறேழு மாதமாகிறது. பின் அறையிலும் வடிவாக எடுக்கிறது, பென்ட்ரைவைத் தூக்கிக்கொண்டு யாருடைய மேசைக்கும் போவதில்லை. விண்டோஸ் பற்றி அவர் சொன்னது உண்மைதான், அடுத்த வருடக் கணக்கு முடிந்ததும் வேறு மெசின் பார்க்கத்தான் வேண்டும்.

போன மாதம் எங்கள் ஒபிஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்றுக்கும் இதே பிரச்சினை, ஊழியர் பெயர் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் "அட்டை மாத்தவேணும்" என்று சொல்லி அனுப்பினேன். தம்பி அதே கட்டளையை அடித்துப் பார்த்தாராம், அந்தப் பிள்ளையின் அட்டையில் ஏசி இருந்திருக்கிறது. எங்கள் பெட்டிகள் வைபை 5க்கு அடுத்து வந்த வைபை 6 வகை, சில இன்டெல் அட்டைகளின் பழைய டிரைவருக்கு வைபை 6 பெயர்கள் கண்ணில் படாது. இன்டெல் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டு, இருபது நிமிடத்தில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். ஞாயிறு கடை பூட்டு, மற்ற நாளில் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள், போகும்போது சார்ஜரையும் கொண்டுபோங்கள்.